சென்னைக்கும் நல்ல நேரம் குறித்துக் கொடுங்கள்

தமிழ்நாடு அரசு சுற்றுலாத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன்; பிழைப்பு மந்தைவெளியில். ஊரிலிருந்து யார் சென்னைக்கு வந்தாலும் எங்கள் வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்த உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

வருகிறவர்கள் யாரும் ஊர் சுற்றிப் பார்க்க வருவதில்லை. பெரியவர்கள் கண் ஆபரேஷன் முடிந்து மறுபடி காட்ட வருவார்கள். யார் மகளுக்காவது விசா நேர்காணல் இருக்கும். ஹைகோர்ட்டில் வாய்தா, ஏதாவது அலுவலகத்தில் ஒரு கையெழுத்து, இல்லாவிட்டால் கல்யாணம். காலையில் எழும்பூரில் இறங்குவார்கள். பதினோரு மணிக்கெல்லாம் வந்த வேலை முடிந்துவிடும். இரவு ரயிலுக்கு இன்னும் அரை நாள் கிடக்கும். அந்த அரை நாளைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

"இங்க பாக்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். இருபது வருடம் சென்னையில் இருப்பவர்கள்கூட இந்தக் கேள்விக்கு முழிப்பார்கள். மெரினா, தி.நகர், வண்டலூர் என்று மூன்று பெயர் வரும். நாலாவதாக மகாபலிபுரம். அது சென்னையே இல்லை, ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கிறது. போய்த் திரும்புவதற்குள் ரயில் போய்விடும். கடைசியில் ஏதோ ஒரு மாலில் ஏ.சி. காற்று வாங்கிவிட்டு, சூடாக ஒரு காபி குடித்துவிட்டு, "உங்க ஊர்ல ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறுவார்கள்.

பட்டியல் போடும் விதத்தில்தான் கோளாறு என்று எனக்குப் படுகிறது. இடங்களின் பெயரை வரிசையாக எழுதிக் கொடுத்தால் மதுரைக்குப் போதும், தஞ்சாவூருக்குப் போதும். பெரிய கோயில் எந்தக் கிழமை போனாலும் பெரிய கோயில்தான். சென்னையில் எங்கே போவது என்பதைவிட எப்போது போவது என்பதுதான் பெரிய விஷயம். நேரம் தவறிப் போனால் வெறும் தெருவும் வெயிலும்தான் மிஞ்சும். சிவகாசிக் காலண்டர் தாளில் தினமும் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் என்று போடுகிறார்களே, அப்படி இந்த ஊருக்கு ஒன்று யாராவது போட வேண்டும். அதை நீங்கள்தான் செய்ய முடியும்.

எழும்பூரிலேயே ஆரம்பிக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம்கூட ஆகாது, பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகத்துக்கு. 1851-ல் தொடங்கியது. செய்துங்கநல்லூரிலிருந்து வந்திருந்த பெரியப்பாவை ஒரு மத்தியானம் அங்கே கூட்டிப் போனேன். 'செத்த காலேஜ்' என்று பழைய சென்னைக்காரர்கள் சொல்லும் இடம் என்பதால் அவருக்கு முதலில் இஷ்டமே இல்லை. திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு "சரி, போலாமா" என்றார். அப்புறம் ஆதிச்சநல்லூர்ப் பொருட்கள் இருக்கும் பக்கம் வந்தோம். நூறு வருடத்துக்கும் முன்னால் அலெக்சாண்டர் ரீ என்பவர் தோண்டி எடுத்த தாழிகளும், மூடியில் எருமை நிற்கும் வெண்கலச் சாமான்களும். பெரியப்பா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. "ஏல, இது நம்ம பரம்புல கெடந்ததுல்லா! நாங்க மாடு மேய்ச்ச எடம்லா அது!" என்று சத்தமாகவே சொன்னார். பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான், அவர்களுக்குத் தாமிரபரணிக் கரையைப் பற்றி அரை மணி நேரப் பாடம். பிள்ளைகளின் டீச்சரும் சேர்ந்து நின்று கேட்டார்.

அங்கிருந்து வெண்கலச் சிலைகள் இருக்கும் படிமக் கூடம். திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் அங்கேதான் இருக்கிறார்கள். பாரீஸில் இருந்த சிற்பி ரோடின் இந்த அருங்காட்சியகத்து நடராஜரைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்துவிட்டு, வியந்து வியந்து எழுதினார். அசலை அவர் பார்க்கவே இல்லை. நம் ஆட்கள் அந்த அசலுக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில், எழும்பூர் பிளாட்பாரத்தில், பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருக்கிறது என்று அந்தப் பிளாட்பாரத்தில் ஒரு பலகை தமிழில் சொன்னால் போவார்கள். கூடவே வெள்ளிக்கிழமை விடுமுறை என்றும் சொல்ல வேண்டும். வண்டலூருக்குச் செவ்வாய் விடுமுறை. இந்த இரண்டு கிழமைகள் தெரியாமல் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் எத்தனை என்று வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு என் பட்டியல் வேறு. விடிவதற்கு முன்னால் காசிமேடு.

தூத்துக்குடியிலிருந்து வந்த அத்தை "மீன் பாக்கதுக்கு மெட்ராசுக்கு வரணுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார். விசைப்படகுகள் வந்து நின்று கூடை கூடையாக இறக்குகிறார்கள். ஏலம் போடுகிறவர் குரல் ஒரு பக்கம், ஐஸ் உடைக்கிற சத்தம் ஒரு பக்கம். அத்தை ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. "இன்னாம்மா, பாத்துக்கினே நிக்கிற? வாங்கறதுன்னா வாங்கு" என்று கடைக்கார அம்மா அதட்டினார். அத்தைக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அப்புறம் இரண்டு பேரும் பேரம் பேசியதைப் பார்க்க வேண்டுமே. இருபது ரூபாய்க்காகத் தொடங்கி, மருமகள்கள், முட்டி வலி, படகு டீசல் விலை என்று எல்லாம் பேசி முடித்து, கடைசியில் விலை குறையவே இல்லை. கொசுறாக ஒரு கை நெத்திலி மட்டும் பையில் விழுந்தது. திரும்புகிற வழியில் ராயபுரம் ஸ்டேஷனைக் காட்டினேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் அங்கிருந்துதான் கிளம்பியது. அத்தை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அவருக்கு அன்றைக்குப் பேச்செல்லாம் அந்த மீன்கார அம்மாவைப் பற்றித்தான்.

ஆனால் இதையே ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை செய்ய முடியாது. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டியே கிடக்கும். இந்த ஒரு வரியை எந்தச் சுற்றுலாக் கையேட்டில் போட்டிருக்கிறார்கள்?

காசிமேட்டில் மீன் வாங்காமல் வெறும் கையோடு வருகிறவர்கள் அப்படியே பாரிமுனைக்கு வந்துவிடலாம். அரண்மனைக்காரன் தெரு என்று நாம் சொல்லும் ஆர்மேனியன் தெருவில் 1772-ல் கட்டிய ஆர்மேனியன் சர்ச் இருக்கிறது. கிழமை நாட்களில் அந்தத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைகள் பூட்டியிருக்கும்போது, கோபுரத்தின் ஆறு மணிகளையும் அடிப்பார்கள். கேட்டுக் கும்பிட ஆர்மேனியர்கள் ஊரில் அநேகமாக யாரும் இல்லை. ஆனாலும் மணி அடிக்கிறது. உலகத்தில் ஆர்மேனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை, 1794-ல், இந்த மதராசப்பட்டினத்தில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகை எதுவும் வராத காலத்தில் ஆர்மேனியப் பத்திரிகை வந்த ஊர் இது. இதை எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு கல்லூரிப் பையனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. அங்கேயே நின்று செல்போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினான்.

அதே வட்டாரத்துக்குச் சாயங்காலம் வந்தால் வேறு ஊர். பீச் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருக்களில் அத்தோ கடைகள் போட்டிருப்பார்கள். பர்மாவிலிருந்து 1960-களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய தட்டை எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் தள்ளுவார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயம் வைத்துத் தருவது தனி. கையால் பிசைவதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அவர்களை சவுகார்பேட்டைக்கு அனுப்பிவிடுவேன், அங்கே முறுக்குக்கு நடுவில் காய் வைத்து சாண்ட்விச் தருகிறார்கள். வட இந்திய வியாபாரிகளும் நம் முறுக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

மயிலாப்பூரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் ஒன்று. கபாலீசுவரர் கோயிலைச் சாதாரண நாளில் பார்த்துவிட்டு "எங்க நெல்லையப்பர் கோயில் இதைப்போல எத்தனை மடங்கு" என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், உண்மைதான். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் அன்றைக்கு வரச் சொல்லுங்கள். நாயன்மார் எல்லாரும் பல்லக்கில் ஏறி மாட வீதிகளைச் சுற்றி வரும்போது, தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு மோரும் பானகமும் புளியோதரையும் கொடுப்பார்கள். கையில் வாங்காமல் நடக்கவே முடியாது. வாங்க மறுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள். சென்னைக்காரர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த என் மதினி, அன்று மாலை முழுக்க முன்பின் தெரியாதவர்கள் கையால் சாப்பிட்டே வயிறு நிரம்பினார்.

ரமலான் மாதத்தில் திருவல்லிக்கேணி. 1795-ல் கட்டிய வாலாஜா மசூதியில் நோன்பு திறக்கிற நேரத்தில், மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி சமூகத்து இந்துத் தொண்டர்கள் உணவு பரிமாறுகிறார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கிறது. யாரும் மேடை போட்டுப் பேசுவதில்லை. பரிமாறிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

மார்கழியைச் சொல்லாமல் விட முடியாது, ஆனால் சுருக்கமாகச் சொல்கிறேன். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு யாரும் வழி காட்ட வேண்டாம். தெரியாதவர்களுக்குத்தான் தெரியவில்லை, பெரும்பாலான சபாக்களில் மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது என்பதும், சபா கேன்டீனில் சாப்பிடக் கச்சேரி கேட்க வேண்டிய அவசியமில்லை என்பதும். இரவு ரயிலுக்குக் காத்திருப்பவர்களுக்கு மத்தியானக் கச்சேரியைவிடப் பொருத்தமான வேறொன்று இல்லை. தூங்கினாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நானே பார்த்திருக்கிறேன், மாமாக்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள், மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்துக்கு மட்டும் விழித்துக்கொள்வார்கள். ஜனவரியில் புத்தகக் காட்சி. வாசிக்கிறவர்கள் எப்படியும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மற்ற மாதங்களில் வரும் வாசகர்களைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அனுப்பலாம். பீச் ஸ்டேஷனிலிருந்து பறக்கும் ரயிலில் சில்லறைக் காசுக்குப் போய்விடலாம். அடையாறு ஆற்றுக்கு மேலே போகும்போது பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள். பள்ளிக்கரணையில் பூநாரைகளைப் பார்க்கக் குளிர்காலம்தான். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த சதுப்புநிலம் அது. ரேடியல் சாலையில் ஐ.டி. கம்பெனிப் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும், பூநாரைகள் அவை பாட்டுக்கு இரை தேடிக்கொண்டிருக்கும்.

மெரினாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, சர்வீஸ் ரோட்டிலிருந்து கடலைப் பார்க்க 2022-ல் ஒரு மரப்பாதை போட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலியோடு போவதற்காக. முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் போன பெரியம்மா, திருச்செந்தூரில்கூடக் கடலைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர். இங்கே நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் நுனியில் நிறுத்தினோம். எங்களை எல்லாம் போய்க் காலை நனைத்துவிட்டு வரச் சொன்னார். வந்து பார்த்தால் அங்கே நாற்காலியில் வந்திருந்த இன்னொரு பாட்டியோடு சேர்ந்து தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் வாங்கி முடித்திருந்தார். எங்களுக்கு வைக்கவில்லை. இந்தப் பாதையைப் பற்றி எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீடுகளுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்கிறது?

எல்லாவற்றையும் தாளில் போட்டு விளம்பரம் செய்ய வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நீலாங்கரை, பெசன்ட் நகர் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். மாணவர்கள் 1988-லிருந்து ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறார்கள். அவர்களோடு நடக்கக் கொஞ்சம் பேருக்குத்தான் இடம். அது அப்படியே இருக்கட்டும். நீங்கள் பெரிதாகப் போஸ்டர் ஒட்டினால் ஆயிரம் பேர் செல்போன் லைட்டோடு வந்து நிற்பார்கள், ஆமை திரும்பிக் கடலுக்கே போய்விடும். 2025 ஜனவரியில் இதே கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதே போதும். காசிமேடும் வேலை நடக்கிற இடம், காட்சிக் கூடம் இல்லை. வழியில் நின்று போட்டோ எடுக்காதீர்கள் என்று தாளிலேயே எழுதிவிடலாம். இன்னொரு பயமும் இருக்கிறது. அத்தோ நன்றாகப் போகிறது என்று தெரிந்தவுடன் அந்தக் கடைகளை எல்லாம் ஓரிடத்துக்கு நகர்த்தி, வண்ண விளக்குப் போட்டு, 'உணவுத் தெரு' என்று வளைவு கட்டி, வாடகையை ஏற்றிவிடாதீர்கள். ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்தி செல்ஃபி எடுக்க வைக்கும் இடங்களும் போதும்.

நான் கேட்பது இதுதான். மாதத்துக்கு ஒரு தாள். தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கிற அளவு பெரிய எழுத்தில். அந்த மாதம் இந்த ஊரில் எந்தக் கிழமை, எந்த நேரத்தில், எங்கே என்ன நடக்கும். எதற்கு என்றைக்கு விடுமுறை. எந்த பஸ், எந்த ரயில். பெண்களுக்குக் கழிப்பறை எங்கே. பையை எங்கே வைக்கலாம். பை சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இரண்டு மூட்டையும் ஒரு பலகாரத் தூக்குச்சட்டியும் வைத்திருக்கும் ஆள் எந்த அருங்காட்சியகத்துக்கும் போக மாட்டார். வெயிலைப் பற்றியும் எழுதுங்கள். மே மாத மத்தியானத்தில் கோட்டையைச் சுற்றிப் பார்க்கச் சொல்வது பாவம், நூலகத்துக்கு அனுப்புங்கள்.

தாளை எழும்பூரிலும் சென்ட்ரலிலும் கோயம்பேட்டிலும் ஒட்டுங்கள். தெற்கிலிருந்து வரும் பஸ்கள் 2023 முடிவிலிருந்து கிளாம்பாக்கத்தில்தான் நிற்கின்றன, அங்கே கட்டாயம் வேண்டும். அரசுப் பொது மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்திலும் ஒட்டுங்கள். நோயாளியோடு வந்தவர்கள் ரிசல்ட் வரும் வரைக்கும் அங்கே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு நான்கு மணி நேரம் ஆகும் என்றால், நான்கு மணி நேரத்தில் போய் வரக்கூடியது எது என்று அந்தத் தாள் சொல்ல வேண்டும். எழுதுவதற்கு விளம்பரக் கம்பெனி வேண்டாம். பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில் ஓடும் 29சி பஸ் கண்டக்டர்களை உட்கார வைத்துப் பேசுங்கள்; எந்த நிறுத்தத்தில், எந்த நேரத்தில், எதற்காகக் கூட்டம் இறங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியாதது இல்லை.

மார்கழித் தாளை முதல் தாளாக வைத்துக்கொள்ளலாம். எழுத ஆள் இல்லை என்றால் சொல்லியனுப்புங்கள், எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு விருந்தாளிகள் இருப்பார்கள், உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
மந்தைவெளியிலிருந்து ஒரு நெல்லைக்காரன்

பின்குறிப்பு: தீவுத்திடலில் நீங்கள் வருடா வருடம் நடத்தும் பொருட்காட்சியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. டெல்லி அப்பளத்துக்காகவே எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நச்சரிப்பார்கள். மிளகாய்ப் பொடி மட்டும் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்கள்.